மூக்குக்கு ஐந்து நாள் போதும்

மருந்துக் கடையில் "மூக்கடைப்புக்கு ஒரு ஸ்பிரே கொடுங்க" என்று கேட்டால், பணம் கைமாறுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடைப்பு எத்தனை நாளாக இருக்கிறது, ரத்தக்கொதிப்பு உண்டா, போன பாட்டில் எப்போது வாங்கியது என்றெல்லாம் கேட்பவர் அரிது. மாத்திரை வாங்கினாலாவது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அட்டையின் பின்புறம் பேனாவால் குறித்துத் தருவார்கள். மூக்கில் அடிக்கும் மருந்துக்கு அந்தக் கவனம்கூடக் கிடைப்பதில்லை. மேலோடு போடுகிற மருந்துதானே, என்ன செய்துவிடப்போகிறது என்ற நினைப்பு கொடுப்பவருக்கும் இருக்கிறது, வாங்குபவருக்கும் இருக்கிறது.

மூக்கடைப்பு ஸ்பிரேக்களைத் தீண்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சளி உச்சத்தில் இருக்கும் இரவில் வாயால் மூச்சுவிட்டுத் தொண்டை வறண்டு தவிப்பவருக்கு அவை பேருதவி. ஆனால், அவற்றில் ஒரு வகை, நாள் தாண்டிப் போட்டால், தீர்க்க வந்த அடைப்பைத் தானே உண்டாக்கும். இன்னொரு வகையோ, விடாமல் பல நாள் போட்டால்தான் வேலையே செய்யும். நம் ஊரில் நடப்பது தலைகீழ். முதல் வகையை மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை நாலே நாளில் 'இது கேட்கவில்லை' என்று தூக்கிப் போடுகிறோம். இதற்கு வாங்குபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டியவர்கள், சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய மொழியில் சொல்லவில்லை.

அடைப்பது சளி மட்டுமல்ல

மூக்கு அடைத்தால் உள்ளே சளி கட்டிவிட்டது என்றே எண்ணுகிறோம். அதனால்தான் சிந்திச் சிந்தி மூக்கைச் சிவக்கவைக்கிறோம். பல நேரங்களில் அடைப்புக்குப் பெரிய காரணம் வீக்கம். மூக்கின் இரு பக்கச் சுவர்களிலும் டர்பினேட் எனப்படும் மடிப்புகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் சவ்வு முழுக்க ரத்தக் குழாய்கள். இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. சளிக் கிருமியோ தூசி ஒவ்வாமையோ சீண்டும்போது, இந்தக் குழாய்களில் ரத்தம் நிறைந்து சவ்வு கடற்பஞ்சு போல ஊறிப் பெருக்கிறது. காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் தேங்குவதால் அடைப்பு இன்னும் கூடும்.

நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கும் இரண்டு துளைகளும் எந்நேரமும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்றே வீங்க, மறுபக்கம் சுருங்கும். பிறகு முறை மாறும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-ல் இதை விவரித்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சோட்டம் மாறுவதைக் கவனிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு பக்கம் லேசாக அடைத்து, சற்று நேரத்தில் தானே திறந்துகொண்டால் அதற்கு மருந்தே தேவையில்லை.

கடைகளில் அதிகம் கைமாறும் மூக்கடைப்பு ஸ்பிரேக்களில் இருப்பது சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின். ஆக்ஸிமெட்டாசோலின் 1961-ல் ஜெர்மனியில் உருவானது. இரண்டுமே வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அடித்த சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்ளும். பல மணி நேரம், சிலருக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்வரை அந்தச் சுகம் நிற்கும். இவ்வளவு விரைவாக, இவ்வளவு கண்கூடாகப் பலன் காட்டும் மருந்துகள் குறைவு. பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான்.

மருந்தே நோயாகும்போது

தொடர்ந்து சில நாள் இதே மருந்து பட்டுக்கொண்டிருந்தால், சுருங்கச் சொல்லும் கட்டளைக்கு ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லச் செவிசாய்ப்பதை நிறுத்துகின்றன. உடல் தானாகச் சுரக்கும் சுருக்கப் பொருளும் குறைகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக விரிகின்றன. சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்குகிறது. பன்னிரண்டு மணி நேரம் தாங்கிய ஸ்பிரே ஆறு மணி நேரமே தாங்குகிறது; பிறகு மூன்று. இதற்குள் ஆரம்பத்தில் வந்த சளி எப்போதோ சரியாகிப் போயிருக்கும். இப்போது இருப்பது ஸ்பிரே கொண்டுவந்த அடைப்பு.

மருத்துவம் இதை ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்கிறது. புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எபிட்ரின் கலந்த மூக்கு மருந்துகள் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1930-களின் தொடக்கத்தில், மேற்கத்திய மருத்துவ இதழ்களில் இந்த எதிர்விளைவு பதிவாகிவிட்டது. தொண்ணூறு ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த ஒன்று, கடையில் காசு கொடுத்து வாங்குபவருக்கு இன்னும் தெரியவில்லை.

தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான பக்கவிளைவுகள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரை போட்டதும் வயிறு எரிந்தால் மாத்திரையைச் சந்தேகிக்கிறோம்; உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்துகிறோம். இந்த ஸ்பிரே விஷயத்தில் சாட்சியமெல்லாம் மருந்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. அடித்தால் திறக்கிறது, அடிக்காவிட்டால் அடைக்கிறது. இதைப் பார்க்கும் எவரும் 'எனக்கு நாள்பட்ட சைனஸ், ஸ்பிரே இல்லாமல் முடியாது' என்றுதான் முடிவுகட்டுவார். அப்படி முடிவுகட்டியவரை எளிதில் அடையாளம் காணலாம். சட்டைப் பையில் ஒரு பாட்டில், தலையணைக்கு அடியில் ஒன்று, அலுவலக மேஜை இழுப்பறையில் ஒன்று. ஊருக்குக் கிளம்பும்போது செல்போன் சார்ஜரை மறந்தாலும் அதை மறக்க மாட்டார். இரவு பதினொரு மணிக்குப் பாட்டில் தீர்ந்துவிட்டால், திறந்திருக்கும் கடையைத் தேடி வண்டியை எடுப்பார். சொந்த அனுபவமே அவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. ஆகவே, இந்த மருந்தைப் பொறுத்தவரை 'போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்' என்று விட முடியாது. விற்கும்போதே சொல்லியாக வேண்டும்.

ஐந்து நாள் கணக்கு

எத்தனை நாள் போடலாம்? அமெரிக்காவில் விற்கும் பாட்டில்களின் லேபிள் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஒரு வாரத்தை எல்லையாக வைக்கிறது. இந்தியாவிலும் ஒரு கணக்கு பேசப்பட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத்தக்க மருந்துகள் எவை என்பதற்கு நம் சட்டத்தில் தனி வகையே கிடையாது. அதற்கான முயற்சியாக மத்திய சுகாதார அமைச்சகம் 2022 மே மாதம் 16 மருந்துகளைப் பட்டியலிட்டு ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. பாராசிட்டமால், கேலமைன் லோஷன் போன்றவற்றோடு சைலோமெட்டாசோலினும் ஆக்ஸிமெட்டாசோலினும் அதில் இருந்தன. ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் குணமாகாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

மூன்றோ, ஐந்தோ, ஏழோ, எந்தக் கணக்கும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. சாதாரணச் சளியில் மூக்கடைப்பு கடுமையாக இருப்பதும் முதல் சில நாள்தான். ஐந்து நாளை நம் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்வது நியாயமானது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அட்டைப்பெட்டியில் இருக்கும் கணக்கைத் தாண்டக் கூடாது. பகலில் எப்படியோ சமாளித்துவிட்டு, தூங்கப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்று பாட்டில், மூன்று வேலை

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், வேலை வேறாக இருந்தும் பாட்டில்கள் ஒன்றுபோல் இருப்பது. ஒரே பிராண்டு பெயரில்கூட வெவ்வேறு மருந்துகள் வருகின்றன. பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்காமல், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலாவது, வெறும் உப்புநீர். சோடியம் குளோரைடு என்று மட்டும் எழுதியிருக்கும். கட்டிய சளியை இளக்கும், தூசியைக் கழுவும். பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். கைக்குழந்தைக்கும் சொட்டு விடலாம், கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். மூக்கடைப்புக்கு முதலில் கை போக வேண்டியது இதற்குத்தான்.

இரண்டாவது, மேலே சொன்ன ரத்தக் குழாய் சுருக்கிகள். பெயரின் கடைசியில் 'சோலின்' என்று முடிந்தால் ஐந்து நாள் கணக்கு நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள்: ஃபுளூட்டிக்கசோன், மோமெட்டசோன், புடசோனைடு. தூசி, மகரந்தம், பூஞ்சை என்று ஒவ்வாமையால் மாதக்கணக்கில் தும்மி, மூக்கு ஒழுகி, அடைத்து அவதிப்படுபவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். அடித்தவுடன் மூக்கு திறக்காது. தினமும் தவறாமல் போட்டால் சில நாளில் பலன் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். நிறுத்தினால் எதிர்வீக்கம் வராது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே பலர் மிரண்டுவிடுகிறார்கள். ஒரு முறை அடித்தால் மூக்குக்குள் போவது பெரும்பாலும் 50 மைக்ரோகிராம் அளவிலான மருந்து. மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. மூக்கு வறண்டு சில சமயம் ரத்தம் கசியலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் சிறுவர்களும் மருத்துவர் கண்காணிப்பில்தான் பயன்படுத்த வேண்டும். இதில் நடக்கும் பெரிய தவறு, மூன்றாம் நாளே நம்பிக்கை இழந்து, உடனே திறந்துவிடும் 'சோலின்' பாட்டிலுக்கு மாறிவிடுவதுதான்.

எந்த ஸ்பிரே ஆனாலும் அடிக்கும் முறை ஒன்றுதான். முதலில் மூக்கை மெதுவாகச் சிந்திக்கொள்ள வேண்டும். தலையை அண்ணாந்து பார்க்கக் கூடாது; சற்றே குனிந்திருக்க வேண்டும். வலது துளைக்கு இடது கையாலும், இடது துளைக்கு வலது கையாலும் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் முனை தானாகவே நடுத்தண்டை விட்டு விலகி, அந்தப் பக்கக் காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் மருந்து நேராகப் பட்டுக்கொண்டே இருந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும்; இயல்பாக மூச்சு இழுத்தாலே போதும். முனையைத் துடைத்து மூடி வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாட்டில் என்பது சளியைப் பங்குபோட்டுக்கொள்ளும் வழி.

யார் தள்ளி நிற்க வேண்டும்

குழாய் சுருக்கி மூக்கோடு நின்றுவிடுவதில்லை; கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. ரத்தக்கொதிப்பு, இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனச்சோர்வுக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெரியவர்களின் பாட்டிலைக் குழந்தைக்கு ஒரே ஒரு முறை என்று அடிப்பதும் தவறு. சிறுவர்களுக்கான பாட்டிலில் மருந்தின் அடர்த்தியே பாதிதான். பிரிட்டனில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த வகை மருந்துகளே வேண்டாம் என்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, எட்டும் இடத்தில் கிடக்கும் பாட்டிலைக் குழந்தை வாயில் வைத்து உறிஞ்சிவிடுவது. கண்ணுக்கும் மூக்குக்கும் போடும் இத்தகைய மருந்துகளைத் தவறுதலாகக் குடித்த ஐந்து வயதுவரையிலான குழந்தைகள் 96 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-ல் எச்சரிக்கை விடுத்தது. ஒன்று, இரண்டு மில்லி உள்ளே போனாலே குழந்தை மயங்கலாம், இதயத் துடிப்பு குறையலாம், மூச்சு மந்தமாகலாம். நம் வீடுகளில் தலையணைக்கு அருகே கிடக்கும் பாட்டிலில் இருப்பது பத்து மில்லி.

பால் குடிக்கும் குழந்தைக்கு மூக்கு அடைத்தால் உப்புநீர்ச் சொட்டு விட்டு, இளகிய சளியை மெல்ல எடுத்துவிட்டால் போதும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். பாட்டிமார்களின் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக நிறுத்த வேண்டிய பழக்கம் அது.

மற்ற வழிகளும் அவற்றின் எல்லையும்

தைலம், பாம், இன்ஹேலர் குச்சி இவற்றில் இருக்கும் மென்தால் மூக்கில் குளிர்ச்சி உணர்வைத் தட்டி எழுப்புகிறது. காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றும். வீக்கம் அப்படியே இருக்கும். ஆறுதலுக்குப் பெரியவர்கள் பயன்படுத்துவதில் தவறில்லை. கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரமும் தைலமும் கூடவே கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது இதம் தரும். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்துதான் அதில் பெரிது, சிறுவர்களுக்கு வேண்டாம்.

மூக்கை நீர் விட்டுக் கழுவும் ஜலநேத்தி செய்பவர்கள் தண்ணீரில் கவனம் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த நீரே சரி. மூளையைத் தாக்கும் அமீபா நீரில் இருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில், மூக்கைக் கழுவக் குழாய் நீரைப் பயன்படுத்திய இருவர் இப்படி இறந்திருக்கிறார்கள்.

ஸ்பிரே எதற்கு, ஒரு சளி மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. நம் ஊர்ச் சளி மாத்திரைகள் பலவற்றில் அடைப்பு நீக்கியாகச் சேர்க்கப்படுவது ஃபீனைலெஃப்ரின். வாய்வழியாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவுசெய்தது. 2024 நவம்பரில், அதைக் கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளிலிருந்து நீக்க அந்த நிர்வாகமே முன்மொழிந்தது.

விட முடியாதவர்களுக்கு

மாதக்கணக்கில் ஸ்பிரே அடித்தே பழகியவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. மனம் வைத்தால் விட்டுவிடலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவைத்து, பழைய பாட்டிலை நிறுத்தச் சொல்வார். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் முதலில் ஒரு துளைக்கு மட்டும் நிறுத்தி, அது தேறிய பிறகு மறு துளைக்கும் நிறுத்தலாம். முதல் சில இரவுகள் கஷ்டம்தான். தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பதும் உப்புநீரும் கைகொடுக்கும். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மூக்கு தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கிவிடும்.

அப்படியும் திறக்காவிட்டால் அடியில் வேறு காரணம் இருக்கிறது: வளைந்த நடுத்தண்டு, மூக்குச் சதை, தீராத ஒவ்வாமை. எப்போதும் ஒரே பக்கம் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, கண்ணைச் சுற்றி வீக்கம், பத்து நாள் தாண்டியும் குறையாத சளி, இவற்றில் எது இருந்தாலும் ஸ்பிரேயை நம்பிக் காத்திருக்கக் கூடாது. குழந்தைக்கு ஒரு துளையில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால், பட்டாணியோ மணியோ பொத்தான் பேட்டரியோ உள்ளே சிக்கியிருக்கலாம். பேட்டரி என்றால் மணிக்கணக்கில் திசுவை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல

இந்த ஸ்பிரேக்களைத் தடை செய்யவோ மருத்துவர் சீட்டு கேட்டு மக்களை அலையவிடவோ தேவையில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சாதாரணச் சளிக்கு மருத்துவரைப் பார்க்கப் போ என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால், எளிதாகக் கிடைக்கும் மருந்துக்கு எளிதாகப் புரியும் எச்சரிக்கை இருந்தாக வேண்டும். அட்டைப்பெட்டியின் முகப்பில், பிராண்டு பெயருக்குச் சமமான எழுத்தில், '5 நாளுக்கு மேல் வேண்டாம்' என்று அந்தந்த மாநில மொழியில் அச்சிட வைப்பது மத்திய அரசின் வேலை. திறந்த தேதியை எழுதிக்கொள்ளப் பாட்டிலிலேயே ஒரு வெற்றிடம் விட்டால், நாள்கணக்கு கண் முன்னால் நிற்கும். மூக்கு திறக்கும் வேகத்தைக் காட்டும் விளம்பரங்கள் நிறுத்தும் நாளையும் அதே சத்தத்தில் சொல்ல வேண்டும்.

மத்திய அரசு அசையும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கே விற்கும் ஒவ்வொரு மூக்கு ஸ்பிரேயிலும் ஒரு தமிழ் ஸ்டிக்கர் ஒட்ட யாருடைய அனுமதியும் தேவைப்படாது. தனியார் கடைகளுக்கும் அது முன்மாதிரியாகும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீடு தேடி வரும் ஊழியர்கள், 'மூக்குக்கு ஏதும் ஸ்பிரே அடிக்கிறீங்களா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். மருந்தாளுநர்கள் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2015-ம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறை விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. பாட்டிலை நீட்டும்போது 'அஞ்சு நாள்தான். அப்புறமும் அடைச்சா டாக்டரைப் பாருங்க' என்று சொல்ல ஐந்து விநாடி ஆகாது. கடைக்காரர் சொல்லாவிட்டால், எத்தனை நாள் போடலாம் என்று நாமே கேட்டு வாங்குவோம்.